போய்ச் சேர்தலும் வந்து சேர்தலும்: ஏ-9 வீதியும் நமது பயண எழுத்தும்

புலம்பெயர்ந்த நாங்கள் எழுதுகிற யாழ்ப்பாணப் பயணக் கட்டுரைகளுக்கு ஒரு நிலையான வடிவம் வந்துவிட்டது. இரவில் கட்டுநாயக்காவில் விமானம் இறங்கும். உறவுக்காரர் ஒருவர் ஒழுங்கு செய்த வான் வெளியே நிற்கும். சிலாபம், புத்தளம், அநுராதபுரம் என்று இருட்டில் ஊர்ப்பெயர்கள் கழியும். மதவாச்சியில் ஏ-9 வீதியில் ஏறுவார்கள். வவுனியாவில் விடியும். ஓமந்தை வந்ததும் எழுத்து விழித்துக்கொள்ளும். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக் கொறித்து, கிளிநொச்சியைக் கடந்து, ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடிக்க, பளைப் பக்கம் பனங்கூடல்கள் தென்படும். பிறகு யாழ்ப்பாணம். கண்கள் கலங்கும். கட்டுரை முடிந்துவிடும்.

விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர். இடையில் தேநீருக்கும் சாப்பாட்டுக்கும் நின்றால் எட்டு மணித்தியாலம். பத்துப் பக்கக் கட்டுரையில் ஒன்பது பக்கம் இந்த எட்டு மணித்தியாலத்துக்குப் போகிறது. ஊரில் மூன்று கிழமை நின்றவர்கூட அந்த மூன்று கிழமையையும் கடைசிப் பந்தியில் மடித்து வைத்துவிடுகிறார். லாச்சப்பல் கடைகளில் கிடைக்கிற ஊர்ச்சங்க மலர்கள், நினைவு இதழ்கள், சிறுசஞ்சிகைகள் என்று எதை எடுத்தாலும் இந்த வடிவத்தைப் பார்க்கலாம். எழுதியவர்களின் பெயர்களைச் சொல்லிக் குறை பிடிப்பது இங்கே நோக்கமில்லை. வடிவம் எல்லோருக்கும் பொது. ஆனால் அது எங்கிருந்து வந்தது, எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் மறைக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

வந்த வழியைச் சொல்வது சுலபம். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் வீதி மூடப்பட்டது. பிறகு கிளாலிக் கடல்நீரேரியை இரவில் படகில் கடந்தவர்களின் கதைகள் வந்தன. 2002 பெப்ரவரி 22 ஆம் திகதி போர்நிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது, ஏப்ரலில் வீதி திறந்தது. பன்னிரண்டு ஆண்டு மூடிக்கிடந்த வீதி. ஓமந்தையில் ஒருமுறை, முகமாலையில் இன்னொருமுறை என இராணுவத்தின் சாவடியும் புலிகளின் சாவடியும் அடுத்தடுத்து நின்றன. இடையிலிருந்த சூனியப் பிரதேசத்தில் செஞ்சிலுவைச் சங்கத்தின் கொடி. இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டை காட்டி, வரி கட்டி, ஏறி, மறுபடி இறங்கி... 2006 ஓகஸ்டில் திரும்பவும் மூடப்படும்வரையான அந்த நாலரை வருடத்தில் எழுதப்பட்ட கட்டுரைகளில் வீதிதான் பொருள். அது நியாயமானது. ஒவ்வொரு கிலோமீற்றரும் அரசியலாக இருந்தபோது ஒருவர் ஒன்பது பக்கத்தை வீதிக்குக் கொடுத்ததில் பிழை காண முடியாது. அந்தக் கட்டுரைகளில் சில இன்றைக்கும் ஆவணமாக நிற்கின்றன. வரியின் தொகையும் வரிசையின் நீளமும் சாவடியிலிருந்த பெடியனின் வயதும் அவற்றில் இருக்கின்றன.

2009 இன் இறுதியிலிருந்து வீதி படிப்படியாகத் திறந்தது. சாவடிகள் போயின. வீதி அகலமாகிக் காப்பெற் போட்டாயிற்று. 2014 ஒக்டோபரில் யாழ்தேவியும் யாழ்ப்பாணம்வரை வந்துவிட்டது. ஆனால் எழுத்து இன்னும் ஓமந்தையில் இறங்கி வரிசையில் நிற்கிறது. பயம் போன பிறகும் பயம் தந்த வடிவம் மட்டும் தங்கிவிட்டது. இப்போது அதை நிரப்ப ஏக்கம் வேண்டியிருக்கிறது, ஏக்கத்துக்குப் பனை வேண்டியிருக்கிறது.

தமிழில் இந்தப் பயணத்துக்கு இரண்டு வினைச்சொற்கள் உண்டு. பாரிசில் பயணச்சீட்டு எடுக்கிறபோது “ஊருக்குப் போறம்” என்கிறோம். ஆனையிறவு தாண்டியதும் “வந்திட்டம்” என்கிறோம். ஒரே வானில் இருந்துகொண்டு, ஒரே திசையில் போய்க்கொண்டு, எங்கேயோ ஓர் இடத்தில் போதல் வருதலாக மாறிவிடுகிறது. அந்த இடம் ஒவ்வொருவருக்கும் வேறு. சிலருக்கு வவுனியா, சிலருக்கு முறிகண்டி, சிலருக்குத் தங்கள் ஒழுங்கையின் முடக்கு. நல்ல எழுத்தாளர் ஒருவர் இந்த மாற்றம் எந்தக் கணத்தில் நடந்தது என்று தேடிப் பார்த்திருப்பார். நம்மில் அநேகர் அதைப் பனைக்கு விட்டுவிட்டார்கள். பனை தெரிந்தது, ஆகவே வந்துவிட்டோம். கூடவே இன்னொன்றையும் மறந்துவிடக்கூடாது: “போய்ச் சேர்ந்திட்டார்” என்றால் தமிழில் அதற்கு வேறு பொருளும் உண்டு. பயணத்தின் முடிவையும் சாவையும் ஒரே சொல்லால் சொல்கிற மொழியில் எழுதுகிறோம்.

நம் மொழியில் பயண எழுத்துக்கு மிகப் பழைய வடிவம் ஒன்று இருக்கிறது. பத்துப்பாட்டில் பாதி அதுதான்: ஆற்றுப்படை. வள்ளலிடம் போய்ப் பரிசு பெற்றுத் திரும்புகிற ஒருவன், வழியில் வறியவன் ஒருவனைக் கண்டு, இன்ன வழியாகப் போ, இன்ன இடத்தில் இன்னார் இன்னதைத் தருவார், கடைசியில் அவனிடம் போய்ச் சேர்வாய், அவன் உன்னை இப்படி நடத்துவான் என்று சொல்கிறான். சிறுபாணாற்றுப்படையில் கடற்கரைப் பட்டினமான எயிற்பட்டினத்தில் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும் என்று சொல்லப்படுகிறது. முல்லை நிலத்து வேலூரில் ஒரு சாப்பாடு, மருதத்து ஆமூரில் வேறொரு சாப்பாடு. நிலம் மாறுவது உணவில் தெரிகிறது. உணவு தருகிறவரின் கையில் தெரிகிறது. இந்த வடிவத்தில் பயணியின் கண்ணீருக்கு அதிகம் இடமில்லை. பேசுகிறவன் ஏற்கெனவே போய் வந்தவன். கேட்கிறவன் இனிமேல்தான் போகப்போகிறவன். சேருமிடத்தைப் பற்றி விரிவாகச் சொல்லாமல் ஆற்றுப்படை முடியவே முடியாது, ஏனென்றால் போகச் சொல்வதற்கான காரணமே அங்கேதான் இருக்கிறது.

இந்த வடிவத்தை எங்கள் கட்டுரைகளோடு ஒப்பிட்டால் ஒன்று பளிச்சென்று தெரியும். பாணன் வெறுங்கையோடு போய் நிறைந்த கையோடு திரும்புகிறான். நாங்கள் நிறைந்த பெட்டியோடு போகிறோம். சொக்லேற், வாசனைத் திரவியம், பிள்ளைகளுக்குச் சட்டை, யாருக்கோ ஒரு கைத்தொலைபேசி, கோயிலுக்கு ஒரு தொகை. பரிசில் தருகிற வள்ளல் வானிலிருந்து இறங்குகிறார்; வாங்குகிறவர்கள் வாசலில் நிற்கிறார்கள். தருகிறவன் தன் வரவைத் தானே எழுதினால் அது எப்படி இருக்கும்? தன்னைப் பார்த்ததும் மற்றவர்கள் அழுததாகத்தான் இருக்கும். பெரியம்மா கட்டிப்பிடித்தார், மாமா வாயடைத்து நின்றார், எல்லோரும் அழுதோம். பெரியம்மா அதற்கு முதல்நாள் என்ன செய்தார், நாங்கள் போன பிறகு என்ன செய்யப்போகிறார் என்பது கட்டுரைக்குள் வருவதில்லை. எங்கள் கட்டுரைகளின் கடைசிப் பக்கம் இவ்வளவு மெலிந்து கிடப்பதற்கு இதுதான் முதற் காரணம் என்று நினைக்கிறேன். அங்கே பெற்றுக்கொள்ள எங்களுக்கு எதுவும் இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு போகிறோம்.

வீதியில் எல்லோரும் சமம், ஊருக்குள் வந்தால் அந்தச் சமம் போய்விடும் என்பது தமிழ் வெகுசன சினிமாவுக்குத் தெரிந்திருக்கிறது. 2003 பொங்கலுக்கு வந்த ‘அன்பே சிவம்’ படத்தில் புவனேசுவரத்தில் மழையில் மாட்டிக்கொண்ட இருவர் பஸ், ரயில் என்று கிடைத்ததில் ஏறி, விபத்தைக் கடந்து சென்னைக்கு வருகிறார்கள். வழியெல்லாம் அவர்களை ஒன்றாக வைத்திருந்த வெள்ளமும் பசியும் சென்னையில் இல்லை. அங்கே ஒருவர் மாப்பிள்ளை, மற்றவர் கல்யாண வீட்டுக்கு அழைப்பில்லாமல் வந்தவர். படத்தின் கனம் முழுக்க அந்தக் கடைசிப் பகுதியில் இருக்கிறது. பாடலும் பிரசங்கமும் கூடிப்போன படம்தான். இருந்தாலும் நகரத்துக்குள் நுழைந்தவுடன் திரையை இழுத்து மூடவில்லை.

இனி நகரத்துக்கு வருவோம். எங்கள் கட்டுரைகளைப் படிக்கிற ஒரு வெளியாள், யாழ்ப்பாணம் ஒரு கடற்கரை நகரம் என்பதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். கிணறு இருக்கிறது, முற்றம் இருக்கிறது, வேலி, கறுத்தக்கொழும்பு மாமரம், நல்லூர்த் தேர், நூலகம் எல்லாம் இருக்கின்றன. கடல் இல்லை. கோட்டைக்கும் நூலகத்துக்கும் அருகிலேயே பண்ணைக் கடல் கிடக்கிறது. குருநகர், பாசையூர், நாவாந்துறை, கொழும்புத்துறை என்று நகரத்தின் தெற்கு விளிம்பு முழுவதும் கடற்றொழில் செய்கிற சனங்கள். விடியப்புறம் பாசையூரில் நண்டும் மீனும் ஏலம் போகிறபோது, கட்டுரை எழுதியவர் நல்லூரடியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். லாச்சப்பலில் நண்டுக்கறி கேட்டுச் சாப்பிடுகிறோம். நண்டு பிடிக்கிறவர் எங்கள் எழுத்துக்குள் வருவதில்லை.

தற்செயலாக விடுபட்டது என்று இதை விட்டுவிட முடியாது. யாழ்ப்பாணத்தைக் காணியும் கிணறும் கோயிலுமாகப் பார்க்கிறது நிலமுள்ள சாதியின் கண். அந்தக் கண்ணுக்குக் கரை என்பது ஊரின் பின்புறம். ‘வந்து சேர்ந்தேன்’ என்று சொல்கிறவர் தன் காணிக்குத்தான் வந்து சேர்கிறார். காணி இல்லாதவர், காணிக்குள் விடப்படாதவர் எங்கே வந்து சேர்வார் என்ற கேள்வியை கே. டானியல் அரை நூற்றாண்டுக்கு முன்னரே தன் நாவல்களில் கேட்டுவிட்டார். கடலையும் எழுதியவர்கள் உண்டு. செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ நெடுந்தீவுக் கரையில் வாடி போட்டுத் தொழில் செய்தவர்களைப் பற்றிய நாவல். 1978 இல் படமாகவும் வந்தது. அங்கே இருந்துகொண்டு எழுதியவர்களுக்குத் தெரிந்த கடல், இங்கே வந்து எழுதுகிறவர்களின் நினைவில் வற்றிவிட்டது.

வீதியிலும் இதேபோன்ற குருட்டுப் புள்ளிகள் உண்டு. வான் புத்தளத்தைக் கடக்கிறபோது எங்கள் கட்டுரைகளில் எல்லோரும் நித்திரை. 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து விரட்டப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் புத்தளம் பக்கத்து முகாம்களிலும் பின்னர் குடியேற்றங்களிலும் ஒரு தலைமுறைக் காலம் வாழ்ந்தார்கள். யாழ்ப்பாணத்தைப் பற்றி ஏங்குவதற்கு எங்களுக்கு இருக்கிற அத்தனை உரிமையும் அவர்களுக்கும் இருக்கிறது. அவர்களும் 2002 க்குப் பிறகு இதே வீதியில் திரும்பிப் போய்ச் சோனகத் தெருவில் கூரையில்லாத வீடுகளைப் பார்த்தார்கள். ஒரே நகரத்துக்குத் திரும்புகிற இரண்டு சனங்கள். ஒரு சனத்தின் வான் மற்றச் சனத்தின் முகாம் வாசலால் இரவில் விரைந்து போகிறது. அந்தக் கணத்தில் விழித்திருந்த ஒரு கட்டுரையாவது எங்களிடம் இருந்திருக்க வேண்டும்.

நகரத்தின் வாசலிலும் அப்படித்தான். நாவற்குழிப் பாலம் தாண்டி அரியாலைப் பக்கம் வருகிறபோது யாழ்ப்பாண வரவேற்பு வளைவு நிற்கிறது. செம்மணி வளைவு என்றும் சொல்வார்கள். வானை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிற இடம் அது; எங்கள் கட்டுரைகளில் கண்ணீர் பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. 1996 செப்டெம்பரில் கிருஷாந்தி குமாரசாமி என்ற மாணவி பாடசாலையிலிருந்து திரும்பும் வழியில் செம்மணிச் சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. 1998 இல் அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் ஒருவர், அங்கே இன்னும் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999 இல் தோண்டி 15 எலும்புக்கூடுகளை எடுத்தார்கள். பிறகு இருபத்தைந்து வருடம் மண் மூடிக் கிடந்தது. 2025 இல் அருகிலுள்ள சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடைக்காக நிலத்தைக் கிண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. அந்த ஆண்டில் நீதிமன்ற மேற்பார்வையில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. குழந்தைகளுடையவையும் இருந்தன. ஜூன் மாதத்தில் அந்த வளைவடியில்தான் சனங்கள் அணையா விளக்கு ஏற்றி மூன்று நாள் இருந்தார்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த வளைவடியில் எப்படி இறங்குவது? ‘என் மண்’ என்று மண்ணை அள்ளி நெற்றியில் பூசுகிற காட்சி நம் எழுத்தில் எத்தனை முறை வந்துவிட்டது! இன்றைக்கு ஒருவர் அந்த இடத்தில் அந்த வரியை எழுதினால், அவருக்கு எதுவும் தெரியாது என்று வாசகர் எண்ணுவார். தெரிந்தும் எழுதினார் என்றால் நிலைமை இன்னும் மோசம். பழைய வடிவம் இங்கே தானாகவே உடைகிறது. ஏ-9 பயணக் கட்டுரையை 2025 க்குப் பிறகு பழையபடி முடிக்க முடியாது.

வேறுவிதமாக முடித்தவர்கள், அல்லது வேறு இடத்தில் தொடங்கியவர்கள், யார் என்று பார்த்தால் மூன்று படைப்புகள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அவற்றில் எதுவும் புலம்பெயர் தமிழர் தமிழில் எழுதியதல்ல.

முதலாவது மைக்கேல் ஒண்டாச்சியின் ‘ரன்னிங் இன் த ஃபமிலி’. கனடாவிலிருந்து 1978 இலும் 1980 இலும் இலங்கைக்குப் போய் வந்து, 1982 இல் அவர் வெளியிட்ட புத்தகம். அதில் யாழ்ப்பாணம் தொடக்கத்திலேயே வருகிறது. வீதி கிடையாது, பனை தெரிந்த கணம் கிடையாது. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிந்திய வெக்கையில், பழைய ஆளுநர் மாளிகையின் பெரிய அறையில் அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறார். இனக்கலவரத்தை விசாரிக்கிற ஆணைக்குழுவில் இருந்த உறவினருக்குக் கொடுக்கப்பட்ட வீடு அது. அத்தையும் சகோதரியும் குடும்பத்துக் கதைகளைத் துண்டு துண்டாகப் பொருத்துகிறார்கள். பறங்கிக் குடும்பத்தின் பிள்ளை, தனக்குச் சொந்தமில்லாத நகரத்தில் உட்கார்ந்து வேறு ஊர்களின் கதையைக் கேட்கிறார். அரசியலைத் தொடாமல் நழுவுகிற புத்தகம் என்று அதைக் குறை சொல்வார்கள், அதில் உண்மை உண்டு; கலவரம் அங்கே ஓர் அடைப்புக்குறி அளவில்தான் வருகிறது. ஆனால் வெக்கை என்றால் என்ன என்பதை அவரளவுக்கு எங்கள் ஆட்கள் எழுதியதில்லை. பிற்பகலில் யாழ்ப்பாணத்தில் ஒன்றும் நடவாது. அந்த ஒன்றும் நடவாத நேரத்தில்தான் கதை சொல்லப்படும். எங்கள் கட்டுரைகளில் வெக்கையைப் பற்றிப் பேசினால் ‘வெளிநாட்டுக்காரன்’ என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம் தெரிகிறது.

இரண்டாவது, அசோக ஹந்தகம தமிழில் எடுத்த ‘இனி அவன்’, 2012. கானில் காட்டப்பட்டு, இங்கே பிரான்சில் திரையரங்குகளுக்கும் வந்தது. போர் முடிந்து, புனர்வாழ்வு முடிந்து விடுவிக்கப்பட்ட முன்னாள் போராளி ஒருவன் ஊருக்கு வந்து இறங்குகிறான். எங்கள் கட்டுரைகள் எங்கே முடிகின்றனவோ அங்கே இந்தப் படம் தொடங்குகிறது. யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. அவன் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள் திரும்பவில்லை, அவன் மட்டும் திரும்பியிருக்கிறான் என்று ஊர் பார்க்கிறது. வேலை தேடுகிறான், காவலாளியாகிறான், கடத்தலுக்குள் இழுபடுகிறான். சிங்கள இயக்குநர் ஒருவர் எங்கள் ஆளின் உடலுக்குள் புகுந்து பேசலாமா என்று அப்போது விவாதித்தோம். அந்தக் கேள்வி இன்னும் செல்லுபடியாகும். ஆனாலும் தர்ஷன் தர்மராஜ் என்ற நடிகர் அந்த உடலில் காட்டிய தயக்கத்தை மறக்க முடியாது. 2022 இல் இளவயதிலேயே அவர் காலமானது பெரும் இழப்பு. எனக்கு இந்தப் படத்தில் மிகவும் யோசிக்க வைத்தது தலைப்பு. பிரெஞ்சில் வெளியிட்டபோது ‘செலுய் கி ரெவியன்’ என்று ஒரு வால் சேர்த்தார்கள்; திரும்பி வருகிறவன் என்று அர்த்தம். தமிழில் ‘இனி அவன்’. பிரெஞ்சுத் தலைப்பு வருகையைப் பார்க்கிறது, தமிழ்த் தலைப்பு வந்த பிறகான நாட்களைப் பார்க்கிறது. நாங்கள் தமிழில் எழுதிக்கொண்டே பிரெஞ்சுத் தலைப்பின் படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது அனுக் அருட்பிரகாசத்தின் ‘ஏ பசேஜ் நோர்த்’, 2021. ஆங்கில நாவல், அந்த ஆண்டு புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இருந்தது. கொழும்பில் வாழும் கிருஷன், தன் அப்பம்மாவைப் பராமரித்த ராணி என்ற பெண்ணின் இறுதிச் சடங்குக்காக வடக்கே போகிறான். ராணி இரண்டு மகன்களைப் போரில் இழந்தவள். வீதிக்குப் பதிலாக ரயில். நீண்ட, சுற்றிச் சுற்றி வருகிற வாக்கியங்களில் பயணம் போகிறது. சில இடங்களில் பொறுமை வேண்டும். தன் சிந்தனையில் தானே மயங்குகிற இளைஞனை ஆசிரியர் கொஞ்சம் அதிகமாகவே நேசிக்கிறார். ஆனால் இரண்டு விடயங்களில் இந்த நாவல் நமக்கு நேரடியாகப் பேசுகிறது. ஒன்று, கிருஷன் யாழ்ப்பாணம் வரை போவதில்லை. கிளிநொச்சியில் இறங்கி, பஸ் பிடித்து, ஒரு கிராமத்துச் சாவீட்டுக்குப் போகிறான். பனைக்கும் நல்லூருக்கும் இடமில்லை. அங்கே அவன் வள்ளலும் அல்ல, மகனும் அல்ல. என்ன செய்வதென்று தெரியாமல் ஓரமாக நிற்கிற விருந்தாளி. போய்ச் சேர்ந்தவள் ராணி. அவன் ஊர்வலத்தோடு சுடலைக்கு நடக்கிறான், சிதை எரிகிறது, நாவல் முடிகிறது. தமிழில் அந்த வினைக்கு இருக்கிற இரண்டு பொருளும் ஓர் ஆங்கில நாவலின் முடிவில் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன.

மற்றது, நாவலுக்குள் வருகிற பூசலார் கதை. பெரியபுராணத்தில் காசில்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டுகிறார். காஞ்சியில் உண்மையான கற்கோயில் கட்டிய காடவர்கோன், இறைவன் கனவில் சொன்னபடி அந்தக் கோயிலைத் தேடித் திருநின்றவூருக்கு வருகிறான். ஊரார் அப்படியொரு கோயிலே இங்கே இல்லை என்கிறார்கள். இந்தக் கதையில் நாங்கள் எல்லோரும் எங்களைப் பூசலாராகத்தான் நினைத்துக்கொள்வோம்: பாரிசில் இருந்துகொண்டு மனத்துக்குள் ஊரைக் கட்டியவர்கள். ஆனால் வானில் வந்து இறங்கி, “அந்தக் கோயில் எங்கே, அந்த வீடு எங்கே, அந்தப் பள்ளிக்கூட வேம்பு எங்கே?” என்று கேட்கிறவர் அரசனின் இடத்தில் அல்லவா நிற்கிறார்? அவனாவது பூசலாரிடம் போய்க் கேட்டான், கேட்டதும் விழுந்து வணங்கினான். ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் மனத்தில் கட்டப்பட்டிருக்கிற யாழ்ப்பாணம் எது என்று எங்கள் கட்டுரைகள் கேட்டதாக நினைவில்லை.

இரண்டாம் தலைமுறையினருக்கு இந்தப் பாரம் இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. பெற்றோர் “ஊருக்குப் போறம்” என்கிறபோது பிள்ளைகள் “ஸ்ரீலங்கா போறம்” என்கிறார்கள். அவர்களுக்குப் போதல் போதலாகவே கடைசிவரை இருக்கிறது; ‘வந்திட்டம்’ என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இது நல்ல தொடக்கம். அவர்கள் எடுக்கிற காணொளிகளில் வெக்கை இருக்கிறது, கடல் இருக்கிறது, கசூரினா கடற்கரை இருக்கிறது, நல்லூரடி ஐஸ்கிறீம் இருக்கிறது, மச்சாள்மாரோடு மொழி விளங்காமல் சிரிப்பது இருக்கிறது. ஆனால் அங்கேயும் வளைவடியில் பின்னணி இசை ஏறிவிடுகிறது. அப்பாவின் முகத்தை நெருக்கத்தில் காட்டுகிறார்கள். அப்பா அழுகிறார். அப்பாவின் கட்டுரையைப் பிள்ளை படமாக எடுத்துக் கொடுக்கிறது. அந்த வேளையில் கமெராவைக் கொஞ்சம் திருப்பி, வானுக்குப் பக்கத்தில் நின்று புகைபிடிக்கிற சாரதியைக் காட்டியிருந்தால் நாங்கள் புதிதாக ஒன்றைப் பார்த்திருப்போம். கிழமைக்குச் சில தரம் இந்த வீதியில் போய் வருகிறவர் அவர். எத்தனை பேர் இந்த இடத்தில் அழுதார்கள் என்ற கணக்கு அவரிடம்தான் இருக்கிறது.

பாரிஸ் வாசகர்களுக்காக இன்னும் ஒன்று. இங்கே எங்களில் கணிசமானோர் தீவகத்தார். எங்களுக்கு யாழ்ப்பாண நகரம் என்றைக்கும் பயணத்தின் முடிவாக இருந்ததில்லை. அது பஸ் மாறுகிற இடம். ஏ-9 முடிந்த பிறகு பண்ணைப் பாலத்தால் கடலுக்குள் இறங்க வேண்டும். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை, புங்குடுதீவு, கடைசியில் குறிகட்டுவான் துறை. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. அல்லைப்பிட்டிக்காரரான ஷோபாசக்தி இங்கே லாச்சப்பலையும் தீவையும் ஒரே மூச்சில் எழுதுவதற்கு இந்தப் புவியியலும் ஒரு காரணம் என்று நினைப்பதுண்டு. அவருடைய ‘கொரில்லா’ பிரெஞ்சு அரசுக்கு எழுதிய அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. போன பயணத்தின் முடிவு ஒரு கோப்பு இலக்கம். திரும்பும் பயணத்தை அதே வறட்சியான குரலில் யாரும் இன்னும் எழுதவில்லை.

எழுதுவதானால் குறிகட்டுவானில் தொடங்கலாம். 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்த குமுதினி என்ற படகைக் கடற்படையினர் நடுக்கடலில் மறித்துப் பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். அந்தப் படகைக் கழுவித் திருத்தி மறுபடி சேவையில் விட்டார்கள், ஏனென்றால் நெடுந்தீவுக்குப் படகு வேண்டும். பிறகு பல ஆண்டுகள் அரிசி மூட்டையும் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதிலேதான் போய் வந்தார்கள். துறையில் படகு கட்டியிருக்கிறது. கரைவலைக்காரர், ஆசிரியர்மார், வெள்ளை உடுப்பில் நயினாதீவு விகாரைக்குப் போகிற சிங்கள யாத்திரிகர், பாரிசிலிருந்து வந்த ஒரு குடும்பம் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வான் சாரதி, பின்னேரம் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போயிருக்கிறார்.